சைலண்ட் ஹில்: வரிசையைக் குலைப்பவர்களுக்கு ஒரு மறுப்பு

சைலண்ட் ஹில் தொடரை எந்த வரிசையில் ஆடுவது என்று கேட்பவர்களுக்கு இன்று இரண்டு ஆயத்த பதில்கள் கிடைக்கின்றன. கதை நிகழும் கால வரிசையில் ஆடுங்கள் என்பது ஒன்று. இரண்டாம் பாகத்தை மட்டும், அதுவும் 2024-இல் வந்த மறு ஆக்கத்தை ஆடினால் போதும் என்பது மற்றொன்று. இரண்டையும் நாங்கள் மறுக்கிறோம். முதல் நான்கு பாகங்களையும் அவை வெளியான வரிசையிலேயே, அதாவது 1999, 2001, 2003, 2004 என்ற வரிசையிலேயே ஆட வேண்டும். மற்றவை அதன் பிறகுதான்.

வீடியோ விளையாட்டுக்கு இவ்வளவு வாதமா என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஒரு படைப்பு எதை எப்போது சொல்கிறது, எதை எதுவரை சொல்லாமல் வைத்திருக்கிறது என்பது இலக்கிய வாசகர்களுக்குப் புதிய கேள்வி அன்று. அதே கேள்வியைத்தான் இங்கும் கேட்கிறோம்.

கால வரிசைக்காரர்கள் 2007-இல் வெளிவந்த 'ஆரிஜின்ஸ்' என்ற முன்கதையிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். முதல் நான்கு பாகங்களை உருவாக்கிய கொனாமியின் 'டீம் சைலண்ட்' குழு ஆக்கியதன்று அது. பிரிட்டனின் கிளைமாக்ஸ் நிறுவனம் ஆக்கியது. அதில் ஒரு லாரி ஓட்டுநர் எரியும் வீட்டிலிருந்து அலெஸ்ஸா என்ற சிறுமியைத் தூக்கி வருகிறார். அவள் யார், அவளுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின்னால் இருப்பவர்கள் யார் என்பதெல்லாம் அங்கேயே வெளிப்பட்டுவிடுகின்றன. இப்போது கெய்ச்சிரோ டொயாமா இயக்கிய முதல் பாகத்துக்கு வாருங்கள். விபத்துக்குள்ளான காரில் ஹாரி மேசன் கண் விழிக்கிறார். உடன் வந்த மகள் ஷெரிலைக் காணவில்லை. அவருக்கும் ஒன்றும் தெரியாது, நமக்கும் ஒன்றும் தெரியாது. அந்தச் சம அறியாமையில்தான் அச்சம் பிறக்கிறது. முன்கதையை முடித்துவிட்டு வருபவருக்கோ ஹாரியைவிட அதிகம் தெரியும். அவர் ஹாரியோடு சேர்ந்து தேடுவதில்லை. ஹாரி எப்போது கண்டுபிடிப்பார் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதைவிடப் பெரிய சேதம் மூன்றாம் பாகத்துக்கு நேர்கிறது. அதை ஆடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். ஒரு வணிக வளாகத்திலிருந்து வீடு திரும்பப் போராடும் ஹெதர் என்ற பதினேழு வயதுப் பெண்ணின் கதை அது. இரண்டாம் பாகம் முதல் பாகத்தின் மாந்தர்களை முற்றிலும் விட்டுவிட்டதால், இதுவும் புதிய ஒருத்தியின் கதைதான் என்று எண்ணியபடி தொடங்குகிறோம். ஏறத்தாழப் பாதியில் அவள் வீட்டை அடைகிறாள். நாற்காலியில் தந்தை கொலையுண்டு கிடக்கிறார். அவர்தான் ஹாரி மேசன். முதல் பாகத்தின் இறுதியில் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட குழந்தையே ஹெதர். மகளைத் தேடி ஹாரியாகவே பல மணி நேரம் அலைந்தவருக்கு அந்த நாற்காலி தரும் வேதனை, இரண்டாம் பாகம் போதும் என்று நின்றுவிட்டவருக்குக் கிடைக்கப் போவதில்லை. கால வரிசைக்காரருக்கும் கிடைக்காது. முதல் பாகத்துக்கு அடுத்து மூன்றாம் பாகம் என்று எழுதும்போதே அவர்களுடைய பட்டியல் மர்மத்தை உடைத்துவிடுகிறது.

இனி இரண்டாம் பாகம் மட்டும் போதும் என்பவர்கள். தொடரின் சிகரம் அதுவே என்பதில் எங்களுக்கும் கருத்து வேறுபாடில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் இறந்த மனைவி மேரியிடமிருந்து வந்த கடிதத்தோடு ஜேம்ஸ் சண்டர்லேண்ட் அந்த ஊருக்கு வருகிறார். முதல் பாகத்தில் தீமையின் ஊற்று ஒரு மதக் கூட்டம். அதாவது நாயகனுக்கு வெளியே இருப்பது. இரண்டாம் பாகத்தில் அது நாயகனின் நெஞ்சுக்குள் இடம் மாறுகிறது. அந்த இடமாற்றம்தான் அதன் துணிச்சல். எங்கிருந்து மாறியது என்று அறியாதவர் அந்தத் துணிச்சலை எப்படி அளப்பார்? அதில் ஒரு செய்தித் துணுக்காக வந்துபோகும் வால்ட்டர் சல்லிவன் என்ற பெயர் நான்காம் பாகத்தையே ஆட்கொள்கிறது. நான்காம் பாகத்தின் அடுக்ககக் காப்பாளர், சைலண்ட் ஹில்லில் காணாமல்போன தன் மகனையும் மருமகளையும் பற்றிச் சொல்கிறார். அவருடைய குடும்பப் பெயரும் சண்டர்லேண்ட் என்பதைக் கவனிப்பவர் அங்கே நின்றுவிடுவார். இரண்டாம் பாகத்தோடு நிறுத்திக்கொண்டவருக்கு இவையெல்லாம் இல்லை.

முதல் பாகம் பழையது, அதன் இயக்கமுறை முரடானது, உருவங்கள் கரடுமுரடானவை என்பார்கள். உண்மைதான். முதல் பிளேஸ்டேஷனால் தொலைவுக் காட்சிகளை வரைய முடியாததை மறைக்க வந்ததே அந்த மூடுபனி. ஆனால் அந்தக் குறைதான் தொடரின் முகமாயிற்று. 2012-இல் இரண்டாம், மூன்றாம் பாகங்களைத் துலக்கி மறுபதிப்பு செய்தபோது இரண்டாம் பாகத்தின் மூடுபனி கெட்டது. காட்சியின் விளிம்புகள் அம்பலப்பட்டு ரசிகர்களின் கண்டனத்துக்கு உள்ளாயின. கால வரிசைக்காரர்கள் கதைக்குச் செய்வதும் இதே துலக்கல்தான்.

முதல் பாகத்துக்கும் மறு ஆக்கம் வருமென்று 2025 ஜூனில் கொனாமி அறிவித்தது. அதற்குக் காத்திருக்கலாமே என்பவர்களுக்கு எங்கள் பதில் இது: மறு ஆக்கம் என்பது வேறு கைகள், வேறு காலத்தில் செய்யும் வாசிப்பு. போலந்தின் புளூபர் டீம் செய்த 2024-இன் மறு ஆக்கம் நேர்த்தியானதே. எனினும் மூலத்தில் எங்கோ மூலையிலிருந்து ஜேம்ஸை வேவு பார்த்த கேமரா, இதில் அவர் தோளுக்குப் பின்னால் நெருங்கி வந்துவிட்டது. பார்வை மாறினால் படைப்பும் மாறும்.

நான்கையும் முடித்தவர்கள் ஆரிஜின்ஸுக்குத் தாராளமாகச் செல்லலாம். முதல் பாகத்தை வேறாகச் சொல்லிப் பார்க்கும் 2009-இன் 'ஷாட்டர்ட் மெமரீஸ்' அப்போதுதான் பொருள்படும். 1960-களின் ஜப்பானில் நிகழும் 2025-இன் 'சைலண்ட் ஹில் எஃப்' மட்டும் தனித்து நிற்பது. அதை எப்போது வேண்டுமானாலும் ஆடலாம்.

இதை மறுப்பவர்கள் மறுக்கட்டும். முதல் பாகத்தை முடித்துவிட்டு வந்து மறுக்கட்டும்.