மான்களுக்குத் தெரியாததா?

ஆந்திராவில் உள்ள கிருஷ்ணாபுரம் அணையைத் திறக்கப் போகிறார்களாம் என்று பொதட்டூர்பேட்டையில் பேச்சு கிளம்பியதும், பக்கத்துத் தெருப் பெரியவர் திருவாய் மலர்ந்தார்: "நாய்க்கு நாம ஒண்ணும் பண்ண வேணாம் சார். வெள்ளம் வர்றது நமக்கு முன்னாடி அதுக்குத் தெரியும்." அவர் நாய் கிடப்பது இரும்புச் சங்கிலியில். தெரிந்து என்ன செய்யும்? பூட்டுச் சாவி கேட்டு அவரை எழுப்புமா?

இந்த ஞானமெல்லாம் வாட்ஸ்அப் வழி வந்தது. 2004 சுனாமியில் இலங்கையின் யாலா காட்டில் ஒரு மிருகம்கூடச் சாகவில்லையாம். அங்கே செயற்கைக்கோள் பட்டை கட்டியிருந்த யானைகளின் நடமாட்டத்தை ஆராய்ந்தவர்கள், அவை முன்கூட்டியே உணர்ந்து ஓடியதற்கு அடையாளம் இல்லை என்றார்கள். இதை யாராவது பார்வர்டு செய்தார்களா?

யானை கிடக்கட்டும், கோடியக்கரைக்கு வாருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல். அங்குள்ள சரணாலயத்து வெளிமானுக்குச் சங்கிலி இல்லை, முளைக்குச்சி இல்லை, பூட்டிய கேட் இல்லை. ஓட்டத்துக்கே பேர்போன ஜாதி. புயல் ஓய்ந்த பிறகு வெளிமான், புள்ளிமான், குதிரை என்று பிணங்கள் கரையொதுங்கின. கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த மானுக்குத் தெரியாதது, சோபாவில் பிஸ்கட் தின்னும் உங்கள் பொமரேனியனுக்குத் தெரிந்துவிடுமா? அதே புயலில் காவிரி டெல்டாவில் கொட்டகையோடு செத்த மாடுகளுக்கும் தெரிந்துதான் இருந்ததா? மறுபடி கேட்கிறேன்: அவிழ்த்துவிட்ட மானே பிழைக்கவில்லை, கட்டிப்போட்ட மாடு எப்படிப் பிழைக்கும்?

2021 நவம்பரில் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து பள்ளிப்பட்டுப் பக்கம் தரைப்பாலங்கள் போனதைப் பார்த்த ஊர் பொதட்டூர்பேட்டை. ஆனாலும் பல்லி எந்தப் பக்கம் கத்தியது என்று பஞ்சாங்கம் புரட்டுகிறோம். மிருகங்கள் சொன்னால் நம்புவோம். மைக் கட்டிய ஆட்டோ வந்து சொன்னால் மட்டும் நம்ப மாட்டோம். அந்த ஆட்டோவும் தண்ணீர் தெருமுனைக்கு வந்த பிறகுதான் வருகிறது, அது வேறு வயிற்றெரிச்சல்.

வெள்ள நிவாரண முகாமுக்கு நாயோடு போய்ப் பாருங்கள். "வெளியே கட்டு" என்பார்கள். மழையில்! 2005இல் கத்ரீனா புயலின்போது வளர்த்த நாயை விட்டுவர மாட்டோம் என்று வீட்டிலேயே தங்கியவர்கள் அமெரிக்காவில் ஏராளம். மறு வருஷமே, ஆட்களை வெளியேற்றும் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் இடம் வேண்டும் என்று சட்டம் வந்தது. நம் முகாமிலோ பிரமுகர் வந்து பிரியாணிப் பொட்டலத்தோடு போட்டோ எடுத்துக்கொள்ள இடம் ஒதுக்குவார்கள், ஒரு பூனைக்கூடைக்கு மூலை கிடையாது.

அரசைத் திட்டிவிட்டு நாமும் தப்ப முடியாது. திருத்தணி வெயிலில் ஹஸ்கி வளர்க்க ஆயிரக்கணக்கில் கொட்டுகிறார்கள். கழுத்துப்பட்டை, நல்ல கயிறு, வெறிநாய்த் தடுப்பூசி போட்ட சீட்டு, சில நாள் தீனி, இவற்றை ஒரு பையில் போட்டு ஆணியில் மாட்டச் சொன்னால் சிரிக்கிறார்கள். மாடு வைத்திருப்பவருக்குப் பைகூட வேண்டாம். தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் மேட்டுக்கு ஓட்டிப்போக வேண்டும், முடியாவிட்டால் தாம்புக்கயிற்றையாவது அவிழ்த்துவிட வேண்டும். "காணாமப் போயிட்டா?" என்கிறார்கள். காணாமல் போன மாட்டைத் தேடலாமய்யா, செத்ததைத் தேடி என்ன செய்வது?