நாள் முழுக்க நின்றே வேலையா? காலைக் கவனியுங்கள்!

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்சாலைகளில் பலருக்கு ஷிஃப்ட் முழுக்க நின்றே வேலை. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால் கால் கனக்கும். கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்திருக்கும். 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்பார்கள். உண்மையில் அது நரம்பல்ல. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் சிரை. கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். அசையாமல் நின்றால் தேங்கும். நாளடைவில் சிரையின் வால்வுகள் பழுதாகும். இதுவே வெரிகோஸ் வெயின்.

நின்ற இடத்திலேயே அடிக்கடி குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். படுக்கும்போது காலுக்கடியில் தலையணை வையுங்கள்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, வலியெடுத்து, சூடாக இருக்கிறதா? உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். தைலம் போட்டுத் தேய்க்காதீர்கள். அன்றே டாக்டரைப் பாருங்கள். டாப்ளர் ஸ்கேன் எடுத்து, ரத்தம் உறையாமலிருக்க மருந்து தருவார்கள். கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.

கடை ஊழியர்கள் உட்காரும் உரிமையைத் தமிழ்நாடு 2021-ல்தான் சட்டமாக்கியது. தொழிற்சாலைகளுக்கோ 1948-ம் ஆண்டுச் சட்டத்தின் 44-வது பிரிவே அப்போதே சொன்னது: நின்று வேலை செய்பவர்கள் இடையிடையே உட்கார இருக்கை தர வேண்டும். உங்கள் லைனில் இருக்கிறதா? இல்லையென்றால் கேளுங்கள்.