பத்து ரூபாய்க்குப் பருப்பு

சிவகாசியில் சனிக்கிழமைதான் வாரக் கூலி. பட்டாசு ஆலையை நாங்கள் ‘பயர் ஆபீஸ்’ என்போம். தீப்பெட்டி ஆலையும் எங்களுக்கு ஆபீஸ்தான். வேலை முடிந்து, பணம் கைக்கு வந்து, பெண்கள் பையோடு என் மளிகைக் கடைக்கு வரும்போது மணி ஆறைத் தாண்டியிருக்கும். 26 வருஷமாக அந்தக் கூட்டத்துக்குச் சாமான் போடுகிறேன். விலை ஏறினால் ஜனங்கள் செலவைக் குறைத்துக்கொள்வார்கள் என்று வெளியே பேசுகிறார்கள். என் கல்லாவில் அப்படித் தெரிவதில்லை. 500 ரூபாய்க்கு வாங்குகிறவர் எப்போதும் 500 ரூபாய்க்குத்தான் வாங்குகிறார். பைக்குள் போகிற சாமான்தான் வேறாகிவிடுகிறது.

சரவெடி பின்னுகிற தங்கச்சி ஒருத்தி 15 வருஷமாக என்னிடம்தான் வாங்குகிறாள். வீட்டில் நாலு பேர். சீட்டெல்லாம் எழுதி வர மாட்டாள், மனப்பாடம்: துவரம் பருப்பு ஒரு கிலோ, பாசிப்பயறு அரை, கொண்டைக்கடலை அரை, கடலை எண்ணெய் ஒரு லிட்டர், முட்டை நாலு. 2024 மே மாதம் துவரம் பருப்பு என் கடையில் கிலோ 180 ரூபாய். வந்து நின்றவள் விலையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பருப்பு கால் கிலோ போதும் அண்ணாச்சி. கொண்டைக்கடலை வேண்டாம். எண்ணெய் பாமாயிலே குடுத்துருங்க” என்றாள். மிச்சமான பணத்துக்குப் புளி கூடுதலாக வாங்கினாள், அப்பளக் கட்டு ஒன்று, ஊறுகாய் பாக்கெட் நாலு. சாம்பார் இருந்த இடத்துக்குப் புளிக்குழம்பு வரப்போகிறது என்று அந்தப் பையைப் பார்த்தாலே தெரிந்தது. கடைசியில், “முட்டை மூணு” என்றாள். அந்த நாலாவது ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும்.

இது அவள் ஒருத்தியின் கதை இல்லை. எந்தச் சாமான் விலை ஏறினாலும் என் கடையில் விழுகிற வரிசை ஒன்றுதான். உப்பு, புளி, மிளகாய், டீத்தூள், சர்க்கரை விழாது. அரிசியும் விழாது, 2011-லிருந்து ரேஷனில் இலவசமாகக் கிடைக்கிறது, அந்த அரிசி இல்லாவிட்டால் எத்தனை வீடுகள் தவித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. முதலில் விழுவது பயறு வகை. அடுத்து பருப்பு, அதற்கடுத்து நல்ல எண்ணெய், பிறகு முட்டை. வயிற்றை நிரப்புவது தங்கிவிடுகிறது, உடம்பைத் தேற்றுவது போய்விடுகிறது. 2023-இல் தக்காளி 100 ரூபாயைத் தாண்டியபோது எல்லோரும் தக்காளியைப் பற்றியே பேசினார்கள். அரசும் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குக் கொடுத்தது. தக்காளி இல்லையென்றால் புளியைக் கரைத்து ஊற்றிச் சமாளித்துவிடலாம். பருப்புக்கு என்ன செய்வது?

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. படித்தபோது எனக்கு அந்த மூணு முட்டைதான் ஞாபகம் வந்தது. ரத்தசோகைக்கு டாக்டர்கள் பல காரணம் சொல்வார்கள். தட்டில் எது குறைகிறது, யார் தட்டில் குறைகிறது என்பதை மட்டும் நான் கடையில் நின்றபடியே பார்க்கிறேன்.

மே மாதம் இன்னொரு விதத்திலும் கொடுமை. பள்ளிக்கூடம் லீவு, சத்துணவு முட்டை இல்லை. 2024 மே மாதம் ரேஷனிலும் பருப்பு வரவில்லை. கார்டுக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் தருகிற திட்டம் 2007-லிருந்து இருக்கிறது. தேர்தல் நேரத்தில் கொள்முதல் தாமதமாகி, பலருக்கு மே மாதச் சரக்கே கிடைக்கவில்லை. அந்தத் தங்கச்சியின் மகள் திங்கட்கிழமை பத்து ரூபாய் நாணயத்தை நீட்டி, “அம்மா பருப்பு வாங்கிட்டு வரச் சொன்னாங்க” என்றாள். தராசில் போட்டால் 55 கிராம். நாலு பேருக்கான குழம்பு அது. மாதச் சாமானை மொத்தமாக வாங்குகிறவருக்குக் கிலோவுக்கு நாலைந்து ரூபாய் குறைத்துப் போடுவேன். பத்து ரூபாய்க்கு வாங்குகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. கையில் காசு குறையக் குறைய, ஒவ்வொரு கிராமுக்கும் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

எண்ணெயிலும் இதேதான். 2024 செப்டம்பர் 14, சம்பளச் சனிக்கிழமை. விருதுநகர் மொத்தக் கடையிலிருந்து காலையிலேயே போன்: “ரேட்டு மாறிப்போச்சு.” கச்சா பாமாயிலுக்கான மொத்த இறக்குமதி வரியை மத்திய அரசு 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக உயர்த்தியிருந்தது. எண்ணெய் வித்து விளைவிக்கும் விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும், அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கடலை எண்ணெயிலிருந்து பாமாயிலுக்கு இறங்கியவர்கள் இறங்குவதற்கு அதற்குக் கீழே படி கிடையாது. தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் பாக்கெட்டுகள் ஏமாற்றுகின்றன. எண்ணெய், பிஸ்கட், பருப்பு, டீத்தூள் போன்றவற்றை இன்னின்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று முன்பு சட்டத்திலேயே ஓர் அட்டவணை இருந்தது. 2022-இல் அது போய்விட்டது. கிராமுக்கு என்ன விலை என்று அச்சடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். என் மூக்குக்கண்ணாடிக்கே அந்த எழுத்து சரியாகத் தெரியவில்லை. இப்போது ஒரு லிட்டர் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே 850 மில்லி பாக்கெட் அதே உயரத்தில் நிற்கிறது. “இது விலை கம்மியா இருக்கே” என்று ஒரு பாட்டி கை நீட்டும்போது, “அளவும் கம்மி ஆச்சி” என்று நான் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்த் தீப்பெட்டி 14 வருஷம் ஒரு ரூபாய்க்கு விற்றது. 2021 டிசம்பர் 1-ஆம் தேதி இரண்டு ரூபாய் ஆனபோது முன்கூட்டியே ஊரறியச் சொன்னார்கள். குச்சியையும் 36-லிருந்து 50 ஆக்கினார்கள். விலையை ஏற்றுவதென்றால் அப்படி ஏற்ற வேண்டும்.

2024 அக்டோபரில் உணவுப் பொருள் பணவீக்கம் 10.87 சதவீதம் என்று மத்திய அரசு அறிவித்தது. அது விலையின் கணக்கு. கொண்டைக்கடலையை விட்டுவிட்டு ஊறுகாய்க்கு மாறிய வீட்டின் கணக்கு அதில் ஏறாது. அடுத்த மாதம் விலை இறங்கினால் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் பேசுகிறார்கள். பற்று வைத்திருப்பவர்கள் பாக்கியை அடைத்துவிட்டுப் பழைய பட்டியலுக்குத் திரும்ப மூணு நாலு மாதம் ஆகிறது. சிலர் திரும்புவதே இல்லை. பாமாயிலுக்குப் போனவர்களில் பாதிப் பேர் கடலை எண்ணெய்க்கு மறுபடி வரவில்லை.

ரேஷன் பருப்பைக் கார்டுக்கு இரண்டு கிலோவாக்க வேண்டும், அதுவும் மாதம் பிறந்த முதல் வாரத்திலேயே வந்துவிட வேண்டும் என்பது என் கோரிக்கை. பாக்கெட் அளவு அட்டவணையையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். ரேஷனில் பருப்பு கூடினால் உனக்குத்தானே வியாபாரம் படுக்கும் என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். நடந்ததையே அவருக்குச் சொன்னேன்.

2024 ஜூனில், மே மாதம் விட்டுப்போன பருப்பையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. சரக்கு வந்ததும் எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு ஒரே மாதத்தில் இரண்டு கிலோ கிடைத்தது. அந்த வாரம் என் துவரம் பருப்பு மூட்டையைப் பிரிக்கவே இல்லை. ஆனால் சனிக்கிழமை கொண்டைக்கடலை அரை, பாசிப்பயறு அரை என்று வரிசையாகக் கேட்டார்கள். அந்தத் தங்கச்சியும் வந்தாள். மகளைக் கூட்டி வந்திருந்தாள். பையை விரித்துப் பிடித்துக்கொண்டு, “நாலு முட்டை குடுங்க அண்ணாச்சி” என்றாள்.