ஒரே நிறுவனத்திற்குப் பூட்டப்பட்ட மலிவு விலைக் கைப்பேசிகளைப் பிற நிறுவனங்களின் சிம்களுக்கும் திறந்துவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
செயற்குழு,
கைப்பேசிப் பயனாளரும் செல்போன் பழுதுநீக்குவோரும் இணைந்த சங்கம்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
1. தலைவர், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்), புது தில்லி.
2. செயலர், தொலைத்தொடர்புத் துறை, இந்திய அரசு, புது தில்லி.

வழி: மாவட்ட ஆட்சியர், கோயம்புத்தூர்.

பொருள்: ஒரு நிறுவனத்தின் சிம் அட்டையை மட்டும் ஏற்கும் ஜியோபோன் வரிசை உள்ளிட்ட கைப்பேசிகளின் பூட்டை, குறித்த காலத்திற்குப் பின் கட்டணமின்றி நீக்க ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

1. பின்னணி

2016 செப்டம்பர் 5 அன்று சேவையைத் தொடங்கிய ரிலையன்ஸ் ஜியோ, 2ஜி, 3ஜி ஆகிய பழைய தொழில்நுட்பங்களை விடுத்து முழுவதும் 4ஜியில் அமைந்த வலையமைப்பு என்பதால், அதன் சேவையைப் பெற 4ஜி கருவி இன்றியமையாததாக இருந்தது. அத்தகைய கருவி வாங்க வசதியற்றோரை உத்தேசித்து 2017 ஜூலை 21 அன்று ஜியோபோன் அறிவிக்கப்பட்டது. 2.4 அங்குலத் திரையும் பட்டன்களும் கொண்ட அந்தக் கைப்பேசி, மூன்று ஆண்டுகளுக்குப் பின் திரும்பப் பெறத்தக்க 1,500 ரூபாய் முன்வைப்புத் தொகைக்குக் கிடைத்ததால் கோடிக்கணக்கான குடும்பங்களைச் சென்றடைந்தது. 10 கோடிக்கு மேற்பட்டோர் அதைப் பயன்படுத்துவதாக அந்நிறுவனமே 2021இல் தெரிவித்தது. அதன் வழியில் 2021 நவம்பரில் 6,499 ரூபாய் விலையில் ஜியோபோன் நெக்ஸ்ட் என்னும் தொடுதிரைக் கைப்பேசியும், 2023 ஜூலையில் 999 ரூபாய் விலையில் ஜியோ பாரத் என்னும் பட்டன் போனும் வந்தன. முதன்முறையாக இணையத்தைத் தொட்ட ஏழை எளிய மக்களுக்கு இக்கருவிகள் செய்த நன்மையை இச்சங்கம் மறுக்கவில்லை. விற்ற நிறுவனத்தின் இணைப்பைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி அவற்றில் இடப்பட்டுள்ள பூட்டு எத்தனை காலம் நீடிக்கலாம் என்பதே இம்மனு எழுப்பும் வினா.

2. பூட்டு செயற்படும் விதம்

ஒவ்வொரு சிம் அட்டையிலும் பதிந்திருக்கும் சந்தாதாரர் அடையாள எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையும் (இந்தியாவுக்கு 404, 405), அவற்றை அடுத்து வரும் இலக்கங்கள் நிறுவனத்தையும் குறிக்கின்றன. பூட்டப்பட்ட கைப்பேசியின் மென்பொருள், கருவி உயிர்பெறும்போதே இவ்விலக்கங்களைப் படித்து, அனுமதிக்கப்பட்ட நிறுவனத்தின் எண் இல்லையெனில் சிம் செல்லாது என்று திரையில் காட்டி நின்றுவிடுகிறது. டவரும் சிக்னலும் அருகிலேயே இருந்தாலும் பயனில்லை. ஜியோபோன் நெக்ஸ்ட்டில் இரண்டு சிம் இடங்கள் இருந்தும், இணையத் தரவு ஜியோ இணைப்போடே பிணைக்கப்பட்டிருந்தது.

இந்தப் பூட்டுக்குத் தொழில்நுட்பத் தேவை ஏதும் இன்றில்லை. 2003இல் 501 ரூபாய் முன்பணத்திற்கு அக்காலத்து ரிலையன்ஸ் இன்ஃபோகாம் வழங்கிய சிடிஎம்ஏ கைப்பேசிகளில், தனியே கழற்றி மாட்டத்தக்க சிம் அட்டையே இல்லாமல் எண் கருவிக்குள்ளேயே பதியப்பட்டதால், வேறு நிறுவனத்திற்கு மாறுவோர் கருவியையும் மாற்ற நேர்ந்தது. அது தொழில்நுட்பம் விதித்த தடை. இன்றோ நாட்டில் சேவை தரும் நான்கு பெரிய நிறுவனங்களும் ஒரே 4ஜி நியதியைப் பின்பற்றுகின்றன. ஜியோபோன் பயன்படுத்தும் 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் ஏர்டெல்லும் 4ஜி சேவை அளிக்கிறது. ஆகவே எஞ்சி நிற்பது வணிக முடிவால் இடப்பட்ட தடை மட்டுமே.

3. எண்ணை மாற்றும் உரிமையும் மாறாத கருவியும்

2010 நவம்பரில் அரியானாவில் தொடங்கி 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த எண் பெயர்வுத் திட்டம், அதாவது எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி, டிராய் நுகர்வோருக்கு ஈட்டித் தந்த உரிமைகளுள் தலையாயது. 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக் குறியீடு பெற்று, ஒரே சேவைப் பகுதிக்குள் மூன்று வேலை நாட்களில் மாறிவிடலாம். ஆயினும் பூட்டப்பட்ட கைப்பேசி வைத்திருப்பவர் எண்ணைப் போர்ட் செய்த மறுகணமே கருவி கைவிட்டுப் போவதால், புதிய கைப்பேசியின் விலையே அவருக்கு மாறுதல் கட்டணம் ஆகிவிடுகிறது. மாத வருமானத்தில் அந்த விலையை ஒதுக்க இயலாதவருக்கு உரிமை காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

இவ்வுரிமையின் மதிப்பைத் தமிழ்நாடு 2018இல் நேரில் கண்டது. 1999இல் தமிழ்நாட்டில் சேவையைத் தொடங்கி இம்மாநிலத்தின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்த ஏர்செல், அவ்வாண்டு பிப்ரவரியில் டவர் நிறுவனங்களுடன் ஏற்பட்ட நிலுவைத் தகராற்றால் செயலிழந்து திவால் நடவடிக்கைக்குச் சென்றபோது, இலட்சக்கணக்கானோர் போர்ட் குறியீட்டுக்காக அலைந்தனர். அன்று பெரும்பாலானோர் கையில் இருந்த கைப்பேசிகள் பூட்டப்படாதவை என்பதால் சிம் மாறியதும் சிக்கல் தீர்ந்தது. அவை ஒரே நிறுவனத்திற்குப் பூட்டப்பட்டிருந்தால், எண்ணோடு கருவியையும் அம்மக்கள் இழந்திருப்பர்.

2024 ஜூலைத் தொடக்கத்தில் மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்த நாட்களில் கட்டணத்தை உயர்த்த, உயர்த்தாத பிஎஸ்என்எல் பக்கம் மக்கள் திரும்பினர். அந்த ஒரு மாதத்தில் பிஎஸ்என்எல்லுக்கு ஏறத்தாழ 29 லட்சம் இணைப்புகள் கூடியதாக டிராய் வெளியிட்ட கணக்கு காட்டுகிறது. கட்டண உயர்வின் சுமையை மிகுதியாக உணரும் வருமானப் பிரிவினரே பூட்டப்பட்ட கைப்பேசிகளின் முதன்மை வாங்குநர் என்பதையும், அப்பெயர்வில் சேரும் வாய்ப்பு அவர்களுக்கே குறைவாக இருந்தது என்பதையும் இச்சங்கம் சுட்டிக்காட்டுகிறது.

4. கொங்கு வட்டாரத்தில் விளைவு

சோமனூர், பல்லடம் பகுதிகளின் விசைத்தறிக் கூடங்களிலும் திருப்பூரின் பனியன் நிறுவனங்களிலும் பணிபுரியும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள், பண்டிகைக்கு ஊர் திரும்பும்போது அங்கே எந்த டவர் எடுக்கிறதோ அந்தச் சிம்மைப் போட்டுக்கொள்ளும் வழக்கமுடையவர்கள். பூட்டப்பட்ட கைப்பேசி அவ்வழக்கத்தை முறிக்கிறது. வால்பாறையின் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும், தாளவாடி, கடம்பூர், பர்கூர் மலைகளிலும் எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கும் என்பதை மேடும் பள்ளமும் காடுமே தீர்மானிக்கின்றன. ஒரு வளைவில் எடுக்கும் சிக்னல் அடுத்த வளைவில் அறுந்துபோகும் இவ்விடங்களில், ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும் கருவி பாதி நேரம் வெறும் டார்ச் விளக்காகவே பயன்படுகிறது.

காந்திபுரம், உக்கடம், டவுன்ஹால் பகுதிகளின் செல்போன் கடைகளில் இதன் மற்றொரு முகம் தெரிகிறது. வேறு நிறுவனத்திற்கு மாறிய ஒருவர் பழைய பட்டன் போனைக் கொண்டு வந்தால், கடைக்காரர் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, புதிய சிம்மைச் செருகி, மீண்டும் பொருத்தி ஆன் செய்து, திரையில் மறுப்புச் செய்தி வந்ததும் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். சிலர் அதிகாரப்பூர்வமற்ற மென்பொருளை ஏற்றி, அதாவது கடைமொழியில் 'ஃபிளாஷ்' அடித்து, பூட்டை உடைக்க முற்படுகின்றனர். இம்முயற்சி தவறினால் கருவி செயலிழக்கும்; *#06# என்று அழுத்தினால் தெரியும் பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண், அதாவது கருவியின் தனி அடையாள எண், அழியவோ மாறவோ கூடும். ஐஎம்இஐ எண்ணைத் திருத்துவது 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். தமக்குச் சொந்தமான கைப்பேசியில் தமக்கு விருப்பமான சிம்மைப் போட விழையும் எளிய மனிதரும், அவருக்கு உதவ முன்வரும் சிறு தொழிலாளியும் அறியாமலேயே குற்ற எல்லைக்குள் கால்வைக்கும் நிலை இவ்வாறு உண்டாகிறது.

5. எதிர்வாதமும் அதன் எல்லையும்

கருவியை அடக்கவிலைக்கும் குறைவாக விற்கும் நிறுவனம் அந்த இழப்பை மாதாந்திர ரீசார்ஜ் வழியாகவே மீட்க வேண்டியிருப்பதாலும், பூட்டு இல்லையெனில் வாங்குநர் மறுநாளே போட்டி நிறுவனத்திற்குச் சென்றுவிடலாம் என்பதாலும், பூட்டைத் தடைசெய்தால் மலிவுக் கைப்பேசியே சந்தையிலிருந்து மறையும் என்று வாதிடப்படுகிறது. இவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது குறித்த காலம்வரை மட்டுமே செல்லும். முதல் ஜியோபோனின் முன்வைப்புத் தொகையைத் திரும்பப் பெற, ஆண்டுக்குக் குறைந்தது 1,500 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை அப்போதே விதிக்கப்பட்டது. எனவே மூன்றாண்டு நிறைவில் வாங்குநர் 4,500 ரூபாயைச் சேவைக் கட்டணமாகச் செலுத்தியிருப்பார். அதன் பின்னும் பூட்டு நீடிப்பதற்கு மானிய மீட்பு காரணமாக இருக்க முடியாது.

பூட்டின்றியே மானியத்தை மீட்க முடியும் என்பதற்கு இந்தியச் சந்தையிலேயே சான்று உண்டு. 2017 அக்டோபரில் ஏர்டெல், கார்பன் நிறுவனத்தின் தொடுதிரைக் கைப்பேசியை 2,899 ரூபாய்க்கு விற்று, தொடர்ந்து மாதம் 169 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்வோருக்கு 18 மாத முடிவில் 500 ரூபாயும் 36 மாத முடிவில் 1,000 ரூபாயும் திருப்பித் தருவதாக அறிவித்தது; கருவி முழுவதும் வாங்குநருக்கே உரியதாக இருந்தது. வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் வேலையைத் திரும்பி வரும் பணம் செய்தது. அதற்குப் பூட்டு தேவைப்படவில்லை.

6. பிற நாடுகளின் வழி

அமெரிக்காவில் 2007 ஜூனில் வெளிவந்த ஐபோன் மூன்றரை ஆண்டுக்கு மேல் ஏடி&டி என்ற ஒரே நிறுவனத்திடம் மட்டும் கிடைத்து, 2011 பிப்ரவரியில்தான் வெரைசானுக்கும் விரிந்தது. வெரைசான் அப்போது சிடிஎம்ஏ முறையைப் பின்பற்றியதால், அந்த விரிவுக்குத் தனி வன்பொருளே தேவைப்பட்டது. இந்தியாவில் இன்று கோரப்படுவதோ மென்பொருளில் செய்யும் மாற்றமும் அதற்கான அனுமதியுமே. கனடா 2017 டிசம்பர் 1 முதல் பூட்டு நீக்கக் கட்டணத்தை ஒழித்து, புதிய கைப்பேசிகளைப் பூட்டின்றியே விற்க ஆணையிட்டது. பிரிட்டன் 2021 டிசம்பரில் பூட்டிய கைப்பேசிகளின் விற்பனையைத் தடைசெய்தது. இரு நாடுகளிலும் நிறுவனங்கள் தவணை முறையிலும் ஒப்பந்த முறையிலும் கைப்பேசி வழங்குவதை நிறுத்திவிடவில்லை.

7. சட்ட நிலை

ஒரு பொருளை வாங்குபவர் விற்பவரிடமே மற்றொரு பொருளையோ சேவையையோ பெற்றாக வேண்டும் என்ற பிணைப்பு நிபந்தனையை, 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3(4) பிரிவு குறிப்பிடுகிறது. எனினும் சந்தைப் போட்டிக்குக் கணிசமான பாதிப்பு உண்டு என்று மெய்ப்பித்தால்தான் அது செல்லாததாகும். 999 ரூபாய்க் கைப்பேசிக்காக ஒருவர் அத்தகைய வழக்கை நடத்துவார் என்று எதிர்பார்ப்பது இயலாத காரியம். ஆகவே பொது ஒழுங்குமுறையே உரிய தீர்வு. அதற்கான பரிந்துரையைத் தாமாகவே முன்வந்து அளிக்கும் அதிகாரம் டிராய்க்கு 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் உள்ளது. அரசு நிதியில் எழுந்த 4ஜி டவர்களைப் பல நிறுவனங்களின் வாடிக்கையாளரும் பயன்படுத்தும் வசதி 2025 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டபோது, டவர் ஒரு நிறுவனத்தோடு நின்றுவிடக் கூடாது என்ற கொள்கையை அரசு ஏற்றுக்கொண்டது. கைப்பேசிக்கும் அதே கொள்கை பொருந்தும்.

8. கோரிக்கைகள்

அ) முழு விலைக்கு விற்கப்படும் எந்தக் கைப்பேசியிலும் நிறுவனப் பூட்டு இருத்தல் கூடாது.

ஆ) மானிய விலையிலோ தவணையிலோ விற்கப்படும் கைப்பேசியில் பூட்டு 12 மாதத்திற்கு மேல் நீடிக்கக் கூடாது, தவணை அதற்கு முன்பே தீர்ந்தால் பூட்டும் அன்றே நீங்க வேண்டும்.

இ) காலம் முடிந்ததும் பயனாளர் விண்ணப்பிக்காமலேயே, கட்டணமின்றி, மென்பொருள் வழியாகப் பூட்டு தானே நீங்க வேண்டும்.

ஈ) விற்று மூன்று ஆண்டுகள் கடந்த கைப்பேசிகளின் பூட்டை ஆறு மாதத்திற்குள் நீக்க வேண்டும், மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோன மாதிரிகளுக்கு நிறுவனத்தின் விற்பனையகங்களிலேயே பூட்டு நீக்கம் செய்துதர வேண்டும்.

உ) பூட்டு உண்டா, எத்தனை மாதம், எந்தெந்த அலைவரிசைகளில் இயங்கும் என்பவற்றைப் பெட்டியின் மேல் தமிழிலும் அச்சிட வேண்டும்.

ஊ) 4ஜி வலையமைப்பின் வழியே குரல் அழைப்பைக் கொண்டுசெல்லும் வோல்ட்டி முறைக்கான அமைப்புகள் நான்கு நிறுவனங்களுக்கும் கருவியில் இருக்க வேண்டும், பிஎஸ்என்எல் 4ஜிக்குப் பயன்படுத்தும் 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் புதிய மாதிரிகளில் இடம்பெற வேண்டும். இவை இல்லையெனில் பூட்டைத் திறந்தும் பேச முடியாது.

எ) ஐஎம்இஐ எண்ணைத் தொடாமல் பூட்டு நீக்கும் முறையைப் பயிற்சி பெற்ற பழுதுநீக்குவோருக்கு அதிகாரப்பூர்வமாக வழங்க வேண்டும்.

ஏ) அரசுத் திட்டங்களின் கீழ் கொள்முதல் செய்யப்படும் கைப்பேசிகள் அனைத்தும் பூட்டற்றவையாக இருக்க வேண்டும்.

ஐ) இப்பொருள் குறித்து டிராய் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டு, அதன் மீதான பொதுக் கலந்துரையாடல்களுள் ஒன்றைக் கோயம்புத்தூரில் நடத்த வேண்டும்.

இக்கோரிக்கைகளுள் (ஈ), (உ) இரண்டுக்கும் நிறுவனங்களுக்குப் பெருஞ்செலவு இல்லை என்பதால், கலந்தாய்வு முடியும்வரை காத்திராமல் அவற்றை உடனடியாக நிறைவேற்றவும், இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை மாவட்ட ஆட்சியர் வழியாக எழுத்து மூலம் தெரிவிக்கவும் இச்சங்கம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயற்குழுவினர்.

இடம்: கோயம்புத்தூர்
நாள்: 24.12.2025 (தேசிய நுகர்வோர் நாள்)