ஆயில் மாற்றாமலே ஓடிய வண்டிகள்

பழைய கார் வைத்திருந்தவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் ஒரு பேச்சு கட்டாயம் வரும். "எங்கப்பா அம்பாசிடர் வெச்சிருந்தார் சார். எஞ்சின் ஆயில் மாத்தினதே கிடையாது. முப்பது வருஷம் ஓடிச்சு" என்பார் ஒருவர். பக்கத்தில் இருப்பவர் சும்மா இருப்பாரா? அவர் வீட்டு ஃபியட் அதைவிடக் கேவலமாக நடத்தப்பட்டு, அதைவிட நன்றாக ஓடியிருக்கும். கடைசியில், "அந்தக் கால இரும்பு சார் அது. இப்ப வர்ற வண்டிக்கு வருஷா வருஷம் ஆயில் மாத்தச் சொல்றதெல்லாம் காசு பிடுங்கற வேலை" என்று தீர்ப்பு எழுதிவிட்டு எழுந்து போவார்கள்.

இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. பழைய எஞ்சின்கள் நிறையப் பொறுத்துக்கொண்டன. ஆனால் எதனால் பொறுத்துக்கொண்டன என்று யாரும் சொல்வதில்லை. காரணம் தெரியாமல் பழக்கத்தை மட்டும் இன்றைய காருக்குக் கொண்டு வந்தால் கைக்காசு லட்சக்கணக்கில் போகும். பென்ஷனில் வண்டி ஓட்டுகிற நமக்கு அது சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் "ஆயில் மாற்றவே இல்லை" என்ற பேச்சையே பார்ப்போம்.

நான் அரசுத் துறையில் இருந்த காலத்தில் ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒரு லாக் புத்தகம் உண்டு. ஓடிய கிலோமீட்டர், போட்ட பெட்ரோல், ஊற்றிய எஞ்சின் ஆயில் எல்லாம் அதில் எழுதி, அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். எத்தனையோ புத்தகங்களில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். "ஆயில் மாற்றப்பட்டது" என்ற வரி அபூர்வமாகத்தான் வரும். ஆனால் "ஆயில் அரை லிட்டர்" என்ற வரி வாரம் தவறாமல் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் அரை லிட்டர் என்றால் எட்டு வாரத்தில் நாலு லிட்டர். சம்ப்பில் பிடிப்பதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சம்ப் அளவு புது ஆயில் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அடியில் பழைய கசடு தங்கியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மாற்றவே இல்லை என்று சொல்ல முடியாது. பழையது தானாக வெளியேறியது, புதியதை டிரைவர் மேலே ஊற்றினார்.

எப்படி வெளியேறியது? பாதி ரிங் வழியாக ஏறி, எரிந்து, நீலப் புகையாகப் போனது. மீதி தரையில் சொட்டியது. அம்பாசிடர் நின்ற இடத்தை, வண்டி இல்லாதபோதும் கண்டுபிடிக்கலாம். அந்த எஞ்சினில் கிராங்கின் பின்முனையில் இன்றைக்கு இருப்பது போல ரப்பர் சீல் கிடையாது. மரை மாதிரி வெட்டிய ஒரு பள்ளம்தான் ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ள வேண்டும். எஞ்சின் நின்றால் அந்த வேலையும் நின்றுவிடும், ஆயில் கசியும். "ஆயில் ஒழுகலைன்னா உள்ள ஆயில் இல்லைன்னு அர்த்தம் சார்" என்று மெக்கானிக்குகள் வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்த ஒழுகல்தான் பல எஞ்சின்களைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம்.

இரண்டாவது காரணம், அந்த எஞ்சினிடம் யாரும் அதிகம் கேட்கவில்லை. அம்பாசிடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் 1489 சிசி. கிடைத்த சக்தி சுமார் 50 குதிரைத்திறன். இன்றைக்கு 1000 சிசி டர்போ எஞ்சின் கிட்டத்தட்ட 100 தருகிறது. அம்பாசிடரை நாம் எந்த வேகத்தில் ஓட்டினோம்? அறுபதைத் தாண்டினால் பின்சீட்டிலிருந்து "மெதுவா போப்பா" என்று குரல் வரும். கனமான வார்ப்பிரும்பு பிளாக், மெதுவான சுழற்சி, பாகங்களுக்கு நடுவே தாராளமான இடைவெளி.

எஞ்சின் ஓடும்போது கிராங்கும் பேரிங்கும் நேரடியாக உரசுவதில்லை. சுழற்சி வேகத்தில் நடுவே ஓர் ஆயில் படலம் உண்டாகி, அதன் மேல்தான் கிராங்க் மிதக்கிறது. கறுத்துப் போன ஆயிலுக்கும் வழுவழுப்பு இருக்கும் வரை இந்தப் படலம் உண்டாகும். ஆயில் இல்லாமல் போனால்தான் அது அறுந்து, எஞ்சின் சீஸ் ஆகும். அதனால் அந்தக் காலத்து டிரைவருக்கு ஒரே விதி: ஆயில் பழசா புதுசா என்பது அப்புறம், அளவு குறையக் கூடாது. தினமும் காலையில் பானெட்டைத் திறந்து, டிப் ஸ்டிக்கை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டுப் பார்ப்பார். ரேடியேட்டருக்குத் தண்ணீர், எஞ்சினுக்கு ஆயில், அதற்குப் பிறகுதான் சாவி. அந்தப் பழக்கத்தைப் பற்றி நம் நண்பர்கள் பேசுவதே இல்லை.

மூன்றாவது, எல்லோரும் வசதியாக மறந்துவிட்ட விஷயம். "முப்பது வருஷம் ஓடிச்சு" என்று சொல்பவரிடம், "நடுவுல எத்தனை தடவை எஞ்சின் இறக்கினீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது ரெண்டு மூணு தடவை ரீபோர் பண்ணோம்" என்பார். ரிங் தேய்ந்து புகை வந்தால் ஹெட்டைக் கழற்றி ரிங் மாற்றுவது, போர் தேய்ந்தால் லேத்தில் கொடுத்துக் கடைந்து 20 தௌ, 40 தௌ என்று பெரிய பிஸ்டன் போடுவது, அதுவும் முடிந்தால் ஸ்லீவ் இறக்குவது, இதெல்லாம் அன்றைக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி சாதாரணம். வண்டி முப்பது வருஷம் ஓடியது உண்மை. முதலில் போட்ட பிஸ்டன் முப்பது வருஷம் ஓடவில்லை.

பிழைத்த வண்டிகளைப் பற்றித்தான் கதை வருகிறது. பிழைக்காதவை சென்னை புதுப்பேட்டைக்குப் போய், கிராங்க் தனியாக, ஹெட் தனியாகக் கழற்றி விற்கப்பட்டன. அந்தக் கதையைச் சொல்ல ஆள் இல்லை.

இனி ஆயிலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. எரிந்த கரியை எஞ்சின் சுவரில் ஒட்டவிடாமல் தன்னோடு சுமந்துகொள்வது ஆயிலில் கலந்திருக்கும் சோப்பு மாதிரியான மருந்தின் வேலை. டீசல் வண்டியில் புது ஆயில் கொஞ்ச தூரத்திலேயே கறுப்பாகிவிடும். வேலை செய்கிறது என்று அர்த்தம். கெடுவது வேறு விதத்தில். அந்த மருந்து தீர்ந்து போகிறது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் அமிலத்தை முறிக்கும் சக்தி குறைகிறது. எரியாத பெட்ரோல் கலந்து ஆயில் நீர்த்துப் போகிறது. உள்ளே ஈரம் சேர்கிறது. கடைசியில் கரி, ஈரம், அமிலம் எல்லாம் சேர்ந்து மெழுகு மாதிரி கசடாகப் படிகிறது. அம்பாசிடரில் ஹெட்டில் இருக்கும் ராக்கர் ஷாஃப்டின் சின்ன ஓட்டைகள் இப்படி அடைத்துக்கொண்டால், டாப்பெட் சத்தம் "டக் டக்" என்று தெருமுனை வரை கேட்கும். எஞ்சின் ஓடும், ஆனால் தேய்ந்துகொண்டே ஓடும்.

இங்கேதான் நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டியது. "நான் வருஷத்துக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓட்டறேன், எனக்கு எதுக்கு ஆயில் சர்வீஸ்?" என்று என் தெருவிலேயே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். உண்மையில் குறைவாக ஓடும் வண்டிக்குத்தான் ஆயில் சீக்கிரம் கெடும். காலையில் கோயில், அங்கிருந்து காய்கறிக் கடை, வீடு. போய்வர நாலு கிலோமீட்டர். ரேடியேட்டர் தண்ணீர் சூடாகிவிடும், ஆயில் முழுதாகச் சூடாகியிருக்காது. அதற்குள் நிறுத்திவிடுகிறோம். உள்ளே சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேற வழியே இல்லை. இப்படி ஒரு வருஷம். சென்னையிலிருந்து திருச்சிக்கு வாராவாரம் போய்வருகிற டாக்ஸியின் ஆயில் இதைவிட நல்ல நிலையில் இருக்கும். இன்றைய கார்களின் கையேட்டில் பெரும்பாலும் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது என்று போட்டிருப்பார்கள். நம்மைப் போன்றவர்களுக்குப் பொருந்துவது அந்த ஒரு வருஷம்தான். மீட்டரைப் பார்க்காதீர்கள், காலண்டரைப் பாருங்கள்.

அதோடு இன்றைய எஞ்சின் அம்பாசிடர் எஞ்சின் இல்லை. ஆயில் போகும் வழிகள் குறுகலானவை. டைமிங் செயின் உள்ள பல எஞ்சின்களில், செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும், அதற்குத் துணை ஆயில் படலம் மட்டும்தான். ரிங் நன்றாகப் பிடிப்பதாலும் சீல் நன்றாக இருப்பதாலும் ஆயில் ஒழுகுவதில்லை, எரிவதும் குறைவு. நல்லதுதானே என்றால், நல்லதுதான். ஆனால் பழையபடி வாராவாரம் புது ஆயில் உள்ளே போகும் வழி இதனால் அடைபட்டுவிட்டது. நாமாக மாற்றினால்தான் உண்டு.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பழைய டீசல் கார் வைத்திருந்தார். "நாலு வருஷமா ஆயில் மாத்தலை சார், வண்டி பூ மாதிரி ஓடுது" என்று சொல்லிக்கொண்டிருப்பார். காலையில் ஸ்டார்ட் செய்தால் இரண்டு மூன்று விநாடி சங்கிலி உரசுவது மாதிரி சத்தம் வரும். அதை வயசான வண்டியின் இருமல் என்று விட்டுவிட்டார். ஒரு நாள் செயின் பல் தாண்டி, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொண்டன. ஹெட் முழுதும் வேலை. மெக்கானிக் சொன்ன தொகை, வண்டியை விற்றால் கிடைக்கும் விலைக்குப் பக்கத்தில் இருந்தது. ரிப்பேர் செய்யாமல் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு ஆட்டோவுக்குக் காத்திருக்கிறார், கூட அவர் மனைவியும். நாலு வருஷ ஆயில் சர்வீஸ் செலவு அந்தத் தொகையில் ஒரு மூலைக்குக் காணாது.

ஏற்கெனவே பல வருஷம் மாற்றாமல் விட்டுவிட்டவர்கள் என்ன செய்யலாம்? "பழைய எஞ்சினுக்குத் திடீர்னு புது ஆயில் ஊத்தினா படுத்துடும்" என்று ஒரு பேச்சு உண்டு. அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. புது ஆயில் பழைய கசடைக் கரைத்துக் கிளப்பும். அது மொத்தமாக வந்து சம்ப் ஸ்ட்ரெய்னரை அடைத்தால் ஆபத்து. அதற்காக மாற்றாமல் இருப்பது தீர்வு இல்லை. கடுமையான ஃபிளஷ் எதுவும் ஊற்றச் சொல்லாதீர்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது பழையதை முழுதாக இறக்கி, ஃபில்டரையும் மாற்றி, கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலை ஊற்றுங்கள். ஆயிரம் கிலோமீட்டரில் இன்னொரு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். கசடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். ஆயில் விளக்கு எரிந்தால் உடனே வண்டியை நிறுத்திவிடுங்கள், வீடு பக்கம்தானே என்று ஓட்டாதீர்கள்.

ஆயில் டப்பாவை நம்பகமான இடத்தில் வாங்குங்கள். காலி டப்பாவை மெக்கானிக்கிடம் விட்டுவிடாமல் கேட்டு வாங்கி, கத்தியால் கிழித்துப் போடுங்கள். அதில் கலப்பட ஆயில் நிரப்பி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். இறக்கிய ஆயிலை அந்தக் காலத்தில் மாட்டுவண்டி அச்சுக்கும், கரையான் அரிக்கும் கம்பத்துக்கும், சென்ட்ரிங் பலகைக்கும் தடவினோம். எதற்குக் கொடுத்தாலும் சரி, சாக்கடையிலோ கிணற்றடியிலோ மட்டும் கொட்டாதீர்கள்.

அப்பாவின் அம்பாசிடரைப் பற்றிப் பெருமையாகப் பேசுங்கள், நானும் உட்கார்ந்து கேட்கிறேன். அவரிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்வதென்றால், தினமும் காலையில் டிப் ஸ்டிக் பார்த்தாரே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மாதம் ஒருமுறை போதும். கடைசியாக ஆயில் மாற்றிய தேதியை ஒரு சீட்டில் எழுதி பானெட்டுக்குள் ஒட்டிவையுங்கள். அடுத்த தடவை யார் திறந்தாலும் கண்ணில் படட்டும்.