கழித்த லொறியும் கைவிட்ட கரங்களும்

புத்தளத்தில் 1943 முதல் 1945 வரை பிரித்தானியக் கடற்படைக்கு விமானத் தளம் இருந்தது. விமானங்களை இழுக்க அங்கே யானைகளும் உழைத்தன. போர் ஓய்ந்தது; படை போயிற்று. படை கழித்த லொறிகளோ இலங்கையெங்கும் குடிமக்கள் கைக்கு வந்தன. அவற்றை ஆண்டுக்கணக்கில் ஓட வைத்தவர் யார்? பட்டம் பெற்ற பொறியியலாளரா? அல்லர், எண்ணெய்க் கறை படிந்த பட்டறைத் தொழிலாளரே!

"பழைய இரும்பைத் தட்டுவானேன், புதியதை வாங்கலாமே" என்கின்றனர் தலைநகரக் கனவான்கள். 2020 மார்ச்சில் அரசே வாகன இறக்குமதியை நிறுத்தியது. அத்தடை முழுமையாகத் தளர 2025 ஆயிற்று. இடையே 2022இல் டொலர் வற்றியது. அந்நாள்களில் கற்பிட்டி உழவரின் வெங்காயமும் மிளகாயும், புத்தளத்து உப்பும் சந்தை சேர்ந்தது எந்தப் புது லொறியில்?

நம் கரையில் லொறிக்குப் பகை உப்புக் காற்று. அது சேஸியை அரிக்கும். பிறேக் குழாயைத் துளைக்கும். நன்னீரால் அடிப்பாகம் கழுவி, துரு சுரண்டி, கிறீஸ் இட்டுக் காப்பது அனுபவக் கல்வி. பிறேக் பழுதான லொறி உயிர் குடிக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆகவேதான் கேட்கிறோம்:

அனுபவத்தை மதித்துச் சான்றளிக்கும் வழி தேசியத் தொழிற்றகைமை முறையில் உண்டு. அது கற்பிட்டிப் பட்டறை வாசலுக்குத் தமிழில் வரட்டும். இராணுவம் வாகனங்களைக் கழித்து விற்கும்போது உதிரிப்பாகங்களும் பராமரிப்புக் கையேடும் உடன் வரட்டும்.

நாம் கேட்பது சலுகையன்று. உழைப்புக்கு உரிய மதிப்பு. லொறி நின்றால் உழவனும் நிற்பான் என்பதை ஆள்வோர் உணரட்டும்!