வார்டு சார்ட்டில் இருக்கும் அந்த "20"ஐ யார் எண்ணினார்கள்?

1/
அரசு மருத்துவமனை மெடிக்கல் வார்டுக்குப் போன எல்லாரும் இவங்களைப் பார்த்திருப்பீங்க. யூனிஃபார்ம், இறுக்கிப் போட்ட கொண்டை, பாக்கெட்ல கலர் பேனாக்கள், கையில லாக் புக். ஒரு கட்டிலைச் சுத்தி ஆறு பேர் நிற்பாங்க. நர்சிங் மாணவிகள். இப்போ மாணவர்களும் நிறைய வர்றாங்க. இவங்களோட வார்டு பயிற்சி பத்தி ஒரு நீளமான த்ரெட். கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/
சில மாதங்களுக்கு முன் ஒரு காலை. ரவுண்ட்ஸ் பாதியில் இருக்கேன். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தர் தயங்கித் தயங்கி வந்தார். "சார், 19ஆம் பெட் அம்மாவுக்கு மூச்சு நிமிஷத்துக்கு 32 வருது சார்."

3/
நான் நிமிர்ந்துகூடப் பார்க்கல. "சாச்சுரேஷன் எவ்வளவு?" "98 சார்." "பிபி?" "110/70 சார்." "அப்புறம் என்னம்மா? பயத்துல வேகமா விடுவாங்க. ஒழுங்கா எண்ணிட்டு வா." சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டேன்.

4/
அஞ்சு நிமிஷத்துல திரும்ப வந்தார். "சார், ஒரு முழு நிமிஷம் எண்ணினேன். 34 வருது." குரல் நடுங்குது. ஆனா இடத்தை விட்டு நகரல. சரின்னு போய்ப் பார்த்தேன்.

5/
ஐம்பது வயசு தாண்டின அம்மா. சர்க்கரைக்கு இன்சுலின் போடுறவங்க. காய்ச்சல், வாந்தின்னு முந்தின நாள் சாயங்காலம் அட்மிஷன். "சாப்பிடவே முடியல, அதனால ஊசியை ரெண்டு நாளா நிறுத்திட்டேன்"னாங்க. அட்மிஷன் அன்னைக்கு இதை யாரும் கேட்கல, நான் உட்பட. மூச்சு வேகமா மட்டும் இல்ல, ஆழமாவும் இருந்துச்சு. சர்க்கரை 430. யூரின்ல கீட்டோன்.

6/
இதுக்குப் பேர் டயபடிக் கீட்டோ அசிடோசிஸ். இன்சுலின் பத்தாம ரத்தம் அமிலமாகும். உடம்பு அந்த அமிலத்தைக் குறைக்க கார்பன் டை ஆக்சைடை வேக வேகமா வெளியே தள்ளும். ஆக்சிஜன் குறையாததால விரல்ல மாட்டுற மெஷின் 98ன்னு சமர்த்தா காட்டும். மூச்சை எண்ணினாத்தான் சந்தேகமே வரும். அந்த அம்மாவை ஐசியுவுக்கு மாத்தி, டிரிப்ஸும் இன்சுலினும் கொடுத்தோம். பிழைச்சுக்கிட்டாங்க.

7/
இப்போ விஷயத்துக்கு வர்றேன். மதியம் அந்த அம்மாவோட சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம், மூச்சு 20. ராத்திரி 20. விடிகாலை 20. பக்கத்து பெட் சார்ட் 20. எதிர் பெட் 20. வார்டு முழுக்க எல்லாரும் நிமிஷத்துக்குச் சரியா 20 தடவை மூச்சு விட்டிருக்காங்க!

8/
யாரும் எண்ணல. அதுதான் உண்மை. காய்ச்சலுக்கு தெர்மாமீட்டர் இருக்கு. நாடிக்கும் ஆக்சிஜனுக்கும் விரல் மெஷின் இருக்கு. பிபிக்கு அப்பரேட்டஸ் இருக்கு. மூச்சை மட்டும் ஒரு மனுஷன் ஒரு நிமிஷம் நின்னு, கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு எண்ணணும். அந்த ஒரு நிமிஷம் எங்க வார்டுல யார்கிட்டயும் இல்ல.

9/
இத்தனைக்கும் அதுதான் முக்கியமான எண். நிமோனியா, செப்சிஸ், இதயம் திணறுவதுன்னு பல நோய்ல பிபி இறங்குறதுக்கு முன்னாடியே மூச்சு எண்ணிக்கை ஏறிடும். இங்கிலாந்தில் வார்டுகளில் பயன்படுத்தும் நியூஸ்-2 அட்டவணையில் மூச்சு 25ஐத் தொட்டாலே 3 மதிப்பெண். ஒரு அளவுக்கு அதிகபட்சமா கொடுக்கிற மதிப்பெண்ணே அதுதான். உடனே வந்து பாருங்கன்னு அர்த்தம்.

10/
மாணவிகளைக் குறை சொல்ல வரல. காலைல வார்டுக்கு வந்ததும் அவங்களுக்கு என்ன வேலை கொடுக்கிறோம்? பெட் போடு. சாம்பிளை லேபுக்குக் கொண்டு போ. ரிப்போர்ட் வாங்கிட்டு வா. பார்மசில மருந்து எடுத்துட்டு வா. ரவுண்ட்ஸ் வர்றதுக்குள்ள நாற்பது பேருக்கும் சார்ட் ரெடியா இருக்கணும். நாற்பது பேருக்கு ஒரு நிமிஷம்னாலும் மூச்சுக்கு மட்டும் நாற்பது நிமிஷம். "20"ன்னு எழுத அவங்களுக்கு யாரும் கத்துக்கொடுக்கல. சீனியரைப் பார்த்து எழுதுறாங்க. சீனியர் தன் சீனியரைப் பார்த்து எழுதினாங்க.

11/
ஸ்டாஃப் சிஸ்டர்களைக் குறை சொல்லவும் வரல. ஒரு ஷிஃப்ட்ல ஒருத்தர், மிஞ்சினா ரெண்டு பேர். ஊசி, டிரிப்ஸ், ரெஜிஸ்டர், அட்மிஷன், டிஸ்சார்ஜ், சண்டைக்கு வர்ற அட்டெண்டர். இதுக்கு நடுவுல பதினைஞ்சு பேருக்கு எப்போ பாடம் எடுப்பாங்க? மாணவிகள் வந்தா "கை கூடுது"ன்னு நிம்மதி வரும். வரத்தான் செய்யும். தப்பு அங்கதான் ஆரம்பிக்குது. கத்துக்க வந்தவங்களை ஆள் கணக்குல சேர்த்துடுறோம்.

12/
இந்தியன் நர்சிங் கவுன்சில் விதி என்ன சொல்லுது? 10 மாணவர்களுக்கு ஒரு ஆசிரியர். வார்டில் ஒரு மாணவருக்கு 3 நோயாளிகள். அந்த 3 பேரோட நோய், மருந்து, சாப்பாடு, தூக்கம் எல்லாம் அந்த மாணவிக்குத் தெரியணும். நடைமுறையில என்ன நடக்குது? நாற்பது பேருக்கும் பிபி மட்டும் பார்த்துட்டு, ஒருத்தர் பேர்கூடத் தெரியாம வீட்டுக்குப் போறாங்க. கூட வந்த டியூட்டர் பல நாள் மூலையில உட்கார்ந்து லாக் புக்குல கையெழுத்து போட்டுட்டு இருப்பாங்க. அவங்களுக்கும் கல்லூரியில ஆயிரம் பேப்பர் வேலை.

13/
இங்கிலாந்தில் நர்சிங் மாணவர்களை "சூப்பர்நியூமரரி"ன்னு சொல்வாங்க. டூட்டி ஆள் கணக்குல அவங்க வரமாட்டாங்க. அங்கேயும் நடைமுறையில மீறல் இருக்கு, புகார் இருக்கு. ஆனா "நான் கத்துக்க வந்திருக்கேன்"னு கேட்க ஒரு விதி கையில இருக்கு. நம்ம பிள்ளைகள் கேட்டா இன்டர்னல் மார்க் போயிடுமோன்னு பயம்.

14/
அந்தப் பயம் இன்னொரு இடத்துலயும் வெளிய வரும். ஊசி கையில குத்திட்டா பல மாணவிகள் சொல்றதில்ல. திட்டுவாங்கன்னு மறைச்சுடுறாங்க. எச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ ஆரம்பிக்கணும், 72 மணி நேரத்துக்குள்ள. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை வார்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே போட்டிருக்கணும். தன் கையில ஊசி குத்தினதைச் சொல்லவே பயப்படுற பொண்ணு, "சார், 19ஆம் பெட் மூச்சு சரியில்ல"ன்னு எப்படிச் சொல்லும்?

15/
"இதெல்லாம் சின்ன விஷயம்"னு தோணலாம். லிண்டா ஐக்கன் குழு ஒன்பது ஐரோப்பிய நாடுகள்ல செஞ்ச ஆய்வு 2014ல லேன்செட் இதழ்ல வந்துச்சு. அறுவை சிகிச்சை வார்டுகள். ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினா இறப்புக்கான வாய்ப்பு 7% கூடுது. பட்டம் படிச்ச நர்ஸுகள் 10% கூடினா அது 7% குறையுது. ஆள் எண்ணிக்கையும் முக்கியம், அவங்க படிப்பும் முக்கியம். ரெண்டையும் சேர்த்துக் கோட்டை விட்டுட்டு இருக்கோம்.

16/
அன்னைக்கு மதியம் அந்த மாணவியைக் கூப்பிட்டு மன்னிப்பு கேட்டேன். "எப்படிம்மா எண்ணினே?"ன்னு கேட்டேன். "நாடி பார்க்கிற மாதிரி கையைப் பிடிச்சுக்கிட்டே நெஞ்சைப் பார்த்து எண்ணணும் சார். மூச்சை எண்றோம்னு தெரிஞ்சா அவங்க மாத்தி விடுவாங்க. முதல் வருஷ டியூட்டர் மேம் சொல்லிக் கொடுத்தாங்க." ஒரே ஒரு டியூட்டர், கட்டில் பக்கத்துல நின்னு கத்துக்கொடுத்த ஒரே ஒரு விஷயம். ஒரு உயிர்.

17/
இப்போ ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் பத்து நிமிஷம் ஒதுக்குறேன். ஒரு பெட், ஒரு நோயாளி, ஒரு விஷயம். எல்லா நாளும் முடியுதுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஓபி கூட்டமா இருந்தா விட்டுப் போயிடும். ஒரு டாக்டர் நல்ல மனசோட செய்யுறதை நம்பி ஒரு படிப்பு நடக்கக் கூடாது. அதனாலதான் இந்தக் கோரிக்கைகள்.

18/
கல்லூரிகளுக்கு: டியூட்டரைக் கட்டில் பக்கத்துக்கு அனுப்புங்க. பேப்பர் வேலையை வேற ஆள் பார்க்கட்டும்.
மருத்துவமனைகளுக்கு: மாணவர்களை டூட்டி ஆளா கணக்கு வைக்காதீங்க. காலி இடத்துக்கு நர்ஸை நியமிக்கக் கேளுங்க.
என்னைப் போன்ற டாக்டர்களுக்கு: ஒரு மாணவி வந்து எண் சொன்னா, நிமிர்ந்து பாருங்க. அவ்வளவுதான்.

19/
பொதுமக்களுக்கு: "படிக்கிற பொண்ணா? வேணாம், பெரிய நர்ஸை வரச் சொல்லு"ன்னு விரட்டாதீங்க. ஊசி, கேனுலான்னா கூட சிஸ்டரோ டியூட்டரோ நிற்கணும்னு கேளுங்க, அது உங்க உரிமை. உங்க பக்கத்துல உட்கார்ந்து பேச, எண்ண, பார்க்க அவங்களை விடுங்க. நாளைக்கு உங்க அம்மாவுக்கு ராத்திரி டூட்டி பார்க்கப் போறது அந்தப் பொண்ணுதான்.

20/
வீட்டுலயும் எண்ணிப் பழகுங்க. பெரியவங்க சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 12 முதல் 20 சரி. காய்ச்சலோ வேற நோயோ இருக்கிறவங்களுக்கு, ஓய்வுல இருக்கும்போதும் 25 தாண்டியே இருந்தா மெஷின் 98 காட்டினாலும் காத்திருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு வாங்க. சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலைன்னு இன்சுலினை நீங்களா நிறுத்தாதீங்க. டாக்டரைக் கேளுங்க.

21/
அந்த மாணவி இப்போ வேற போஸ்டிங் போயிட்டார். புது பேட்ச் வந்திருக்கு. இன்னைக்குக் காலைல சார்ட் பார்த்தேன். 18, 22, 16, 24... நடுவுல நாலு "20". அந்த நாலு பேரையும் நானே போய் எண்ணினேன். ரெண்டு பேருக்கு நிஜமாவே 20.

நர்சிங் படிக்கிறவங்க, படிச்சவங்க உங்க வார்டுல நடந்ததை எழுதுங்க. படிக்கிறேன்.